ரெட்ரோஸ்பெக்டிவ்: 'பின்னோக்கு' வேண்டாமே

ஐயா, வணக்கம். ஓர் ஓவியரின் பல ஆண்டுப் படங்களை ஒன்றாக மாட்டும் கண்காட்சியை ஆங்கிலத்தில் ரெட்ரோஸ்பெக்டிவ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு புதுச்சொல் வேண்டும் என்றேன், நீங்கள் இப்படிக் கேட்டீர்கள்:

> 'பின்னோக்குக் கண்காட்சி' இருக்கிறதே. எதற்குப் புதுச்சொல்?

'பின்னோக்கிப் போகிறது' என்றால் நம் காதில் சரிவு என்றே விழும். 'நினைவுக் கண்காட்சி' என்றாலோ ஓவியர் காலமாகிவிட்டார் என்று பொருள். நான் கட்டுரை எழுதும் ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் அமெரிக்காவில் 1955இல் பிறந்தவர், இன்றும் வரைந்துகொண்டிருக்கிறார்.

2016இல் சிகாகோவில் தொடங்கி நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன அவருடைய காட்சியில் 35 ஆண்டு ஓவியங்கள் இருந்தன. 1980இல் வரைந்த சின்னப் படமொன்றில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு முகம். கண்வெள்ளை, இடைவெளி விட்ட பல்வரிசை, சட்டையின் வெள்ளைத் துண்டு, இவைதான் முதலில் தெரியும். முகம் தட்டையான ஒரே கறுப்பு. அப்புறம் 1993இல் முடிதிருத்தும் கடை, 2012இல் அழகு நிலையம். ஒரு காலத்தில் அரசர்களையும் போர்களையும் வரைந்த அளவுக்குப் பெரிய படங்களில், தலைமுடி சீர்செய்ய வந்த கறுப்பின மக்கள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். தோலில் புகைக்கரி, எலும்புக்கரி, இரும்பு ஆக்சைடு என்று மூன்று கறுப்புகள். அவற்றோடு நீலமும் பச்சையும் ஊதாவும் கலக்கிறார். தட்டையாக இருந்த கறுப்பு திரண்டு உடம்பாகிவிடுகிறது.

இந்த வளர்ச்சி எந்தத் தனிப்படத்திலும் இல்லை, எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால்தான் தெரியும். அங்கே நடப்பது தொகுத்தல். அதனால் 'தொகைக்காட்சி' என்கிறேன்.

---

அம்மா, தொகை என்றால் பணம் என்று நினைப்பார்களே என எழுத வந்தேன். குறுந்தொகையும் கலித்தொகையும் நினைவுக்கு வந்தன, அந்தக் கவலை போய்விட்டது. ஆனால் குறுந்தொகை இருநூறுக்கு மேற்பட்ட புலவர்கள் பாடியது. தொகை என்றாலே பலர் கூடியது என்ற எண்ணம் வரும்; குழுக்காட்சியோடு குழப்பிக்கொள்வார்கள். முன்னால் 'தனி' சேர்த்தால் என்ன?

---

சரி ஐயா, 'தனித்தொகைக் காட்சி'. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "மார்ஷலின் தனித்தொகைக் காட்சி சிகாகோவில் 2016இல் திறக்கப்பட்டது." உறுத்தவில்லை. தலைப்பில் மட்டும் 'தனித்தொகை' என்று சுருக்கிக்கொள்கிறேன். அப்படியே எலும்புக்கரிக் கறுப்புக்கு நம் வண்ணக் கடைகளில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்டுரையில் அந்த ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.