மேட்டில் மட்டும் சூடேறும் பழைய கார்: ரேடியேட்டர் மூடியா, ஹெட் கஸ்கட்டா?

பழைய கார் திருத்திப் பழகிய அண்ணன்மார் யாராவது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். 90களில் வந்த பெட்ரோல் கார். டவுனுக்குள் சூடு காட்டும் ஊசி நடுவிலேயே நிற்கிறது, ஆனால் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது புசல்லாவை தாண்டியதும் மெல்ல மேலே போய், ரம்பொடை வளைவுகளில் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்க்கிறது. ஹீட்டரைப் போட்டால் கொஞ்சம் இறங்கும்.

கராஜில் எடுத்த எடுப்பிலேயே எஞ்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் கஸ்கட்டை (அடைப்புத் தகட்டை) பார்க்கச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவுக்குப் போகுமுன் வீட்டில் பார்க்கக்கூடியதைப் பார்த்தேன். தேர்மோஸ்டாட்டை (சூடேறினால் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை) சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினேன், ஒழுங்காகத் திறக்கிறது. ஃபேனும் சரி. கஸ்கட் போனால் தெரியும் அடையாளங்களான ஒயிலில் பால் நிறமும் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை.

எனக்கு உறுத்துவது இதுதான்: காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் உள்வாங்கித் தட்டையாகக் கிடக்கிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு, மிஞ்சும் தண்ணீர் போய்ச் சேரும் பக்கத்துப் போத்தலிலோ நிறைய. மூடியைத் திறந்ததும் ஹோஸ் புஸ்ஸென்று நிமிர்கிறது. மூடியின் ரப்பரும் காய்ந்து வெடித்திருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே அழுத்தம் இல்லாத தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடிதான் என்பதால் அதைத்தான் சந்தேகப்படுகிறேன்.

முதலில் மூடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? பழையதில் அழுத்த அளவு 0.9 என்று இருக்கிறது, 1.1 போட்டால் ரேடியேட்டர் தாங்குமா? ஆறிய எஞ்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் பண்ணிக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் ஹெட் கஸ்கட்டைத் தெரிந்துகொள்ளலாமா, அல்லது பிரஷர் டெஸ்ட்தான் வழியா? ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அது செய்கிற இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது இந்தக் காரில்தான்.