மைனஸ் இருப்பை அனுமதிக்கலாமா? ஈஆர்பிநெக்ஸ்ட்டில் டெலிவரி நோட் சப்மிட் ஆகாத சிக்கல்

கிடங்குவாசி:
பெட்டி கண்ணெதிரே இருக்கிறது. ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நம் கிடங்கு-கணக்கு மென்பொருளில் ஸ்டாக் பேலன்ஸும் 50 காட்டுகிறது. 40-க்கு டெலிவரி நோட் (சரக்கு அனுப்பும் பதிவு) போட்டால், இன்னும் 40 வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. இதற்கு எதற்கு ஆராய்ச்சி? ஸ்டாக் செட்டிங்ஸில் 'அலோ நெகட்டிவ் ஸ்டாக்' (இருப்பு மைனஸில் போக அனுமதி) டிக் பண்ணுங்கள், லாரி கிளம்பட்டும்.

பேரேடு:
டிக் பண்ணினால் செய்தி போகும், பிழை அங்கேயேதான் இருக்கும். அந்தச் செய்தியைக் கடைசிவரை படியுங்கள். ஒரு தேதியும் நேரமும் இருக்கும். அந்த நிமிடத்தில் சரக்கு இல்லை என்பதுதான் புகார், இன்றைய இருப்பைப் பற்றி அல்ல. ஸ்டாக் லெட்ஜரில் (சரக்கு வந்ததும் போனதும் நேர வரிசையில் உள்ள பட்டியல்) அந்தப் பொருளையும் அந்தக் கிடங்கையும் மட்டும் வைத்துப் பாருங்கள். பர்ச்சேஸ் ரிசீப்ட் (சரக்கு வந்த பதிவு) மாலை 4:00, டெலிவரி நோட் அதே நாள் காலை 11:00 என்று கிடக்கும். வந்த சரக்கைச் சாயங்காலம் பதிவு செய்தால் இப்படித்தான்.

கிடங்குவாசி:
சரி, தெரிந்துவிட்டது. ரிசீப்ட்டைப் பிறகு முன்தேதியிட்டுப் போட்டால் ரீபோஸ்ட் ஆகி (அதற்குப் பிந்தைய பதிவுகள் மறுபடி கணக்கிடப்பட்டு) விலையும் தானாகச் சரியாகிவிடுமே? அதுவரை மைனஸில் ஓடினால் என்ன குடி முழுகிவிடும்?

பேரேடு:
ரிசீப்ட்டின் நேரம் டெலிவரிக்கு முன்னால் விழுந்தால் மட்டும்தான் சரியாகும். மூவிங் ஆவரேஜ் (சராசரி விலையில் மதிப்பிடும்) பொருள், பழைய விலை 100, இருப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அனுப்பினால் விற்றதன் அடக்கம் 4,000 என்று ஏறும். மறுநாள் தேதியில் 50 வருகிறது, விலை 120. நியாயமாக அடக்கம் 4,800. அந்த 800 ரூபாய் டெலிவரி நோட்டுக்குத் திரும்பிப் போகாது. அந்த விற்பனையில் லாபம் கூடுதலாகத் தெரியும். இப்படி 200 பொருள் சேர்ந்தால் மாதக் கடைசியில் ஆடிட்டருக்குப் பதில் சொல்வது கிடங்கு அல்ல, கணக்குப் பிரிவு.

சர்வர்_பக்கம்:
ரீபோஸ்ட்டை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். முன்தேதியிட்ட பதிவில் எண்ணிக்கை உடனே மாறும். மதிப்பு மட்டும் பின்னணி வேலையாகப் பிறகுதான் மாறும். 'ரீபோஸ்ட் ஐட்டம் வேல்யுவேஷன்' பட்டியலில் எல்லாம் 'க்யூட்' (வரிசையில் காத்திருக்கிறது) என்றே தேங்கியிருந்தால், பின்னணி வேலைகளைக் கிளப்பும் ஷெட்யூலர் படுத்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். சர்வரில் 'பெஞ்ச் டாக்டர்' கட்டளையை ஓட்டினால் தெரிந்துவிடும்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் யூடிசி (இந்திய நேரத்துக்கு 5:30 மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) என்று இருந்தால், பகல் 12:00-க்குப் போட்ட டெலிவரி 6:30 என்று பதிவாகும். ரிசீப்ட்டில் மட்டும் யாரோ சலானைப் பார்த்துக் கையால் 10:00 என்று அடித்திருந்தால் சரக்கு வருமுன்பே போன மாதிரி ஆகிவிடும். எல்லாமே தானியங்கி நேரம் என்றால் ஒட்டுமொத்தமாக 5:30 மணி நேரம் நகரும், வரிசை கெடாது.

கிடங்குவாசி:
அப்போது திருத்தும் வழி? சப்மிட் ஆன ரிசீப்ட்டை கேன்சல் பண்ணினால் அதோடு இணைந்த பர்ச்சேஸ் இன்வாய்ஸும் குறுக்கே நிற்கும்.

பேரேடு:
ரிசீப்ட்டை ஏன் தொடுகிறீர்கள்? டெலிவரி நோட் இன்னும் சப்மிட் ஆகாத டிராஃப்ட்தானே. 'எடிட் போஸ்டிங் டேட் அண்ட் டைம்' டிக் பண்ணி 4:05 போடுங்கள். ரிசீப்ட்டின் நேரம்தான் உண்மையிலேயே தவறு என்றால் இன்வாய்ஸை முதலில் கேன்சல் செய்து, பிறகு ரிசீப்ட்டை கேன்சல், அமெண்ட் (திருத்திய நகலாக மறுபடி போடுவது). முன்தேதியிடும் உரிமையை ஸ்டாக் செட்டிங்ஸில் ஒரே ஒரு ரோலுக்கு (பயனர் பொறுப்பு) வையுங்கள்.

கிடங்குவாசி:
ராத்திரி 9 மணிக்கு அந்த ரோல்காரர் போனை எடுக்கவில்லை என்றால்? வேகமாக ஓடும் நாலைந்து பொருளுக்காவது ஐட்டம் மாஸ்டரிலேயே (அந்தந்தப் பொருளின் அடிப்படைப் பதிவு) அந்த மைனஸ் டிக் வேண்டும்.

பேரேடு:
நாலைந்துக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன், சீரியல் எண் உள்ள பொருள் வேண்டாம். பொதுவான டிக்கை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஏற்கெனவே மைனஸில் கிடப்பவற்றை ஸ்டாக் லெட்ஜரில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை முதல் லாரியே நிற்கும்.