மரப்பட்டை நிற அந்துப்பூச்சி, பெயர் என்ன? புழு வேறு சாப்பிடவில்லை, அவசரம்

பட்டைநிறம்: கிட்டப் போகும்வரை பூச்சி இருப்பதே தெரியவில்லை, அப்படியே பட்டை. அதே மரத்திலிருந்து குச்சி மாதிரி ஒரு புழுவையும் டப்பாவில் போட்டேன். நேற்றிலிருந்து இலையைத் தொடவில்லை. செத்துவிடுமா?

இலைக்காம்பு: எந்த ஊர், எந்த மாதம், என்ன மரம்? பூச்சி இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்ததா, கூரை மாதிரி மடித்தா?

சாம்பல்வரி: பெப்பர்டு மாத்தேதான் (peppered moth, புள்ளி தெறித்த இறக்கையுள்ள அந்துப்பூச்சி). அதன் புழு குச்சியின் நிறத்துக்கேற்பத் தன் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும்.

கூர்நோக்கி: பட்டையில் மறைவதை வைத்துப் பெயர் சொல்லக் கூடாதென்று எத்தனை முறை சொல்வது? முன்னிறக்கையின் குறுக்குக்கோடுகள், நடுப்புள்ளி, அடிப்பக்கம், உணர்கொம்பு எல்லாம் தெரியும்படி ஸ்கேல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். அப்படியும் சில சாம்பல் இனங்களைப் பிறப்புறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். ஒரே மரத்தில் இருந்ததால் புழுவும் பூச்சியும் ஒரே இனமாகிவிடாது.

இலைக்காம்பு: புழுவின் பின்பாதியில் போலிக்கால், அதாவது சதைப்பிடிப்பான குட்டைக்கால், எத்தனை ஜோடி?

பட்டைநிறம்: 2 ஜோடி, கடைசியில் மட்டும். பூச்சி விரித்துத்தான் இருந்தது. புழு சுருங்கி, நிறம் மங்கி, டப்பாவையே சுற்றிச் சுற்றி வருகிறது.

இலைக்காம்பு: 2 ஜோடி என்றால் பெரும்பாலும் ஜியோமெட்ரிடே குடும்பம், உடலை வளைத்து வளைத்து நடக்கும் புழுக்கள். பட்டினி இல்லை, கூட்டுப்புழுவாகப் போகிறது. 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு மண் போட்டு, மேலே மக்கிய இலை பரப்புங்கள். மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கணும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஈரம் மிஞ்சினால் பூஞ்சை, காய்ந்தால் இறக்கை சரியாக விரியாது. உள்ளே போனதும் 2 வாரம் தோண்டாதீர்கள், புதுக்கூட்டின் தோல் மெத்தென்று இருக்கும். சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வெளிவரும் பூச்சி அதில் ஏறித் தொங்கித்தான் இறக்கையை விரிக்கும். வழவழப்பான டப்பாவில் வழுக்கி விழுந்தால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும்.

சாம்பல்வரி: காவடிப்புழு என்றே சொல்லலாமே.

கூர்நோக்கி: ஆமணக்குக் காவடிப்புழு எரிபிடே என்ற வேறு குடும்பம். அதற்குப் போலிக்கால் கூடுதல். கலக்காதீர்கள்.

சொல்லடி: தலைப்பே தவறு. அந்து தானியத்தில் விழுவது. மரத்தில் இருப்பது விட்டில்.

சாம்பல்வரி: விட்டில் என்றால் பலருக்கு வெட்டுக்கிளி. அந்துப்பூச்சி என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

சொல்லடி: விளக்கைச் சுற்றுவதை வெட்டுக்கிளி என்று யாரும் சொல்வதில்லை.

பட்டைநிறம்: மண்ணுக்குள் போய்விட்டது. நன்றி.

இலைக்காம்பு: நல்லது. குளிர்காலத்தைக் கூட்டுக்குள்ளேயே கழிக்கும் இனம் என்றால் பல மாதம் ஆகும், வீசிவிடாதீர்கள். மரமும் ஊரும் இன்னும் சொல்லவில்லையே?