கார்டு கேமை டேப்லெட்டுக்கு மாத்துறோம், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம்

ராயபுரத்துல நாங்க நாலு பேர் சேர்ந்து பண்ண கார்டு கேம் இது. காசிமேட்டு மீன், விசைப்படகு, புயல்னு 120 அட்டை. சேர்த்து, மாத்திக்கிட்டு ஆடுறது. இப்ப டேப்லெட், கம்ப்யூட்டர் ரெண்டுக்கும் கோடோட்ங்கிற கேம் உருவாக்குற மென்பொருள்ல எழுதுறேன்.

எதிராளி வஞ்சிரத்தை இறக்கும்போதே "இருடா"ன்னு அதைத் தடுக்கிற வலை அட்டையைத் தட்டுவோம் பாருங்க, ஆட்டமே அதான். திரையில ஒவ்வொரு தடவையும் "தடுக்கணுமா?"ன்னு கேட்டா கடுப்பாகுது. கையில வலை இருக்கிறப்ப மட்டும் ஆட்டம் நின்னு கேட்டா, நம்மகிட்ட வலை இருக்குன்னு எதிராளிக்குக் குட்டு வெளிப்பட்டுடுது.

2014ல வந்த ஹார்த்ஸ்டோன்ங்கிற டிஜிட்டல் கார்டு கேம்ல எதிராளி ஆடுற முறை வர்றப்ப நாம அட்டையே போட முடியாது. முன்னாடியே வச்ச ரகசிய அட்டை தானா வேலை செய்யும். எனக்கு அது சப்புனு இருக்கு. எல்லாருக்கும் 3 நொடி நிறுத்தலாமா?

இன்னொண்ணு, மவுஸை மேல கொண்டுபோனா அட்டை பெருசாகுது. டேப்லெட்ல அழுத்திப் பிடிச்சா விரலே எழுத்தை மறைக்குது. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்கப்பா.