சிஸ்டம் காலில் டைரக்டரி படித்தால் ஃபைல் பெயரின் முதல் எழுத்து உடைகிறது: உதவி வேண்டும்

தறிநாடா:

வணக்கம். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு லினக்ஸ் சர்வர். அதில் ஒரே டைரக்டரியில் லட்சக்கணக்கில் செஷன் ஃபைல்கள் (இணையதளத்துக்கு வருவோரின் தற்காலிக விவரங்கள்) சேர்ந்துவிட்டன. பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை கொடுத்தால் வெகுநேரம் பதிலே வருவதில்லை. பழைய ஃபைல்களைத் தேடி அழிக்க நானே சி மொழியில் ஒரு நிரல் எழுதலாம் என்று இறங்கினேன். சி நூலகத்தின் ரீட்டிர் (readdir) ஃபங்ஷன் வேண்டாம், கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சிஸ்டம் கால் என்ற நேரடி அழைப்பால் கேட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் ஆசை.

முதலில் டைரக்டரியை ஓப்பன் செய்து, சாதாரண ஃபைலைப் போல ரீட் போட்டேன். "இது டைரக்டரி" என்று பிழை எண் 21 வந்தது. அப்புறம் ஒரு பழைய உதாரணத்தைப் பார்த்து 78ஆம் எண் சிஸ்டம் காலைப் போட்டேன். என் லேப்டாப்பில் (64 பிட் இன்டெல்) சோதனைக்கு வைத்த டைரக்டரியில் இரண்டே உருப்படி: 'கடிதம்' என்ற ஃபைல், 'கதை' என்ற டைரக்டரி. வெளியீடு இப்படி:

பெயர்: (காலி), வகை: 46, நீளம்: 24
பெயர்: . , வகை: 46, நீளம்: 24
பெயர்: ��டிதம், வகை: 224, நீளம்: 40
பெயர்: ��தை, வகை: 224, நீளம்: 32

கால் திருப்பித் தந்த எண் 120. நீளங்களைக் கூட்டினாலும் 120தான் வருகிறது. அப்படியானால் லூப் சரி. பெயர் மட்டும் ஏன் உடைகிறது? இரண்டு ராத்திரி போய்விட்டது.

ஆழாக்கு:

தமிழ்ப் பெயர் என்பதால் டெர்மினலின் எழுத்துக் குறியாக்கமாக இருக்கலாம். ஆங்கிலப் பெயர் வைத்துப் பார்த்தீர்களா?

தறிநாடா:

பார்த்தேன் அண்ணா. முதல் எழுத்து மட்டும் காணோம், மீதி சரியாக வருகிறது. ஆங்கிலச் சின்ன ஏ-வில் தொடங்கும் பெயருக்கு வகை 97 என்று காட்டுகிறது.

மேட்டுமடை:

அந்த 97-இல்தான் விடை இருக்கிறது. சின்ன ஏ-வின் ஆஸ்கி எண் (எழுத்துக்குரிய குறி எண்) 97, புள்ளியின் எண் 46. உங்கள் முதல் இரண்டு வரிகள் '.', '..' என்ற பதிவுகள்: இந்த டைரக்டரியும் அதன் மேல் டைரக்டரியும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ('டி' என்றால் ட, ி என இரண்டு குறி), முதல் பைட் எப்போதும் 224. நீங்கள் வகை என்று அச்சிடுவது பெயரின் முதல் பைட்டை. அது போனதும் 'க'-வில் மிச்சம் இருக்கும் இரண்டு அநாதை பைட்டுகள்தான் அந்த இரண்டு கேள்விக்குறிகள்.

இன்டெல் 64 பிட்டில் 78 என்பது டைரக்டரிப் பதிவுகளைத் தரும் பழைய கெட்டென்ட்ஸ் (getdents). நீங்கள் வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட் (பதிவின் அமைப்பு) புதிய கெட்டென்ட்ஸ்64-க்கு உரியது, அதன் எண் 217. இரண்டிலும் ஐனோடு (ஃபைலின் அடையாள எண்) 8 பைட், டி_ஆஃப் (d_off, டைரக்டரியில் அடுத்த இடத்தின் குறி) 8 பைட், டி_ரெக்லென் (d_reclen, பதிவின் நீளம்) 2 பைட். அதுவரை ஒன்றேதான். பழையதில் 18ஆவது பைட்டிலேயே பெயர் தொடங்கிவிடும், வகை பதிவின் கடைசி பைட்டில் ஒளிந்திருக்கும். புதியதில் 18-இல் வகை, 19-இல் பெயர். பதிவின் நீளம் பழையதில் 18 + பெயரின் பைட்டுகள் + 2, புதியதில் 19 + பெயரின் பைட்டுகள் + 1. கூட்டுத்தொகை ஒன்று, அதை 8-இன் மடங்காக உயர்த்துவதும் ஒன்று. அதனால்தான் நீளம் பிசகாமல் லூப் ஒழுங்காக நடந்தது, தவறும் கண்ணில் படவில்லை.

எண்ணைக் கையால் எழுதாதீர்கள், ஹெடர் ஃபைலில் அந்த எண்ணுக்கு வைத்திருக்கும் மாறிலிப் பெயரைப் போடுங்கள். 64 பிட் ஆர்ம் கருவியில் கெட்டென்ட்ஸ்64-இன் எண் 61. அங்கே 78 என்பது ரீட்லிங்க்அட், வேறு வேலை. ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம், glibc) 2.30 முதல் கெட்டென்ட்ஸ்64 சாதாரண ஃபங்ஷனாகவே கிடைக்கிறது.

தறிநாடா:

சரியாகிவிட்டது! வகை கடிதத்துக்கு 8 (ஃபைல்), கதைக்கு 4 (டைரக்டரி) என்று வருகிறது. மிக்க நன்றி. ஆனால் சர்வரில் ஓட்டினால் 74 பெயரோடு நின்றுவிடுகிறது. பஃபர் (பதிவுகளை வாங்கும் நினைவக இடம்) 4096 பைட், வந்தது 4080. மிச்சம் 16 ஏன் நிரம்பவில்லை? டி_ஆஃப்-இல் வேறு ராட்சத எண்கள் வருகின்றன.

மேட்டுமடை:

ஃபைல் பெயர்கள் 31 எழுத்தா? அப்படியானால் ஒரு பதிவு 56 பைட். இரண்டு புள்ளிப் பதிவுக்கும் 48, அதோடு 72 பதிவு சேர்ந்தால் சரியாக 4080. அடுத்த பதிவு 16 பைட்டில் அடங்காது. கர்னல் அரைப் பதிவைத் தராது. 0 வரும்வரை திரும்பத் திரும்ப அழையுங்கள். 0 என்றால் முடிந்தது, மைனஸ் என்றால் பிழை. பஃபரை 5 எம்பி ஆக்கினால் அழைப்புகள் வெகுவாகக் குறையும்.

டி_ஆஃப்-ஐ வைத்து பஃபருக்குள் நகரவே நகராதீர்கள். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் அது பெயரிலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணிலிருந்து வருவது, கர்னல் தனக்காக வைத்திருக்கும் அடையாளம். நகர டி_ரெக்லென் மட்டும்.

ஆழாக்கு:

அழிப்பதற்கு முன் ஒன்று. சில ஃபைல் சிஸ்டத்தில் வகை 0 என்று வரும், 'தெரியாது' என்று அர்த்தம். அதை ஃபைல் இல்லை என்று தள்ளிவிடாமல் எஃப்ஸ்டாட்அட் (ஃபைலின் விவரம் தரும் அழைப்பு) போட்டுக் கேளுங்கள். தேதி பார்க்க எப்படியும் அது வேண்டும். அழிக்க அன்லிங்க்அட், டைரக்டரியை ஓப்பன் செய்தபோது கிடைத்த அதே எண்ணோடு. படிக்கும்போதே புதிதாகச் சேரும் ஃபைல் பட்டியலில் வரலாம், வராமலும் போகலாம். ஆகவே 0 வந்ததும் எல்சீக் போட்டு ஆரம்பத்துக்குத் திரும்பி இன்னொரு சுற்று ஓட்டிவிடுங்கள்.

தறிநாடா:

முடிந்தது. முதலில் அழிக்காமல் பெயர்களை மட்டும் எண்ணினேன்: 3,12,408. ஒரு காபி குடிப்பதற்குள் வந்துவிட்டது. எல்எஸ் மட்டும் ஏன் அவ்வளவு திணறியது?

மேட்டுமடை:

எல்லாப் பெயரையும் நினைவகத்தில் வாங்கி அகர வரிசைப்படுத்திய பிறகுதான் அது முதல் வரியையே காட்டும். வண்ணம் போட ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக விசாரிக்கவும் செய்யும். எல்எஸ்-உடன் மைனஸ் எஃப் (-f) கொடுத்தால் வந்த வரிசையிலேயே கொட்டும்.

அழித்த பிறகும் டைரக்டரியின் அளவு எக்ஸ்ட்4-இல் சுருங்காது, பயப்படாதீர்கள். உறுத்தினால் புது டைரக்டரி உருவாக்கி, மிச்ச ஃபைல்களை அதற்கு நகர்த்தி, உரிமையாளரையும் அனுமதிகளையும் பழையபடி வைத்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். செஷன் எழுதும் சர்வீஸை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.