பனிமூட்டத்தில் லென்ஸ்பேபி: முகம் ஏன் தெளியவில்லை?

கேள்வி (அப்புத்தளையிலிருந்து)

வணக்கம். படத்தின் ஒரு வட்டத்தை மட்டும் தெளிவாக்கி மற்றதைக் கலக்கும், சாய்க்கக்கூடிய லென்ஸ்பேபி கம்போசர் புரோ 2 லென்ஸை, ஸ்வீட் 50 ஒப்டிக்குடன் (உள்ளே பொருத்தும் கண்ணாடிப் பகுதி), நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியிருக்கிறேன். காலைப் பனிமூட்டத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களை அவர்களின் சம்மதத்துடன் எடுத்தேன். வரிசையில் ஒருவரின் முகம் மட்டும் தெளிந்து, மற்றவை கரைய வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் படம் முழுவதும் போகஸ் தவறியதுபோலவே இருக்கிறது. லென்ஸின் துளையை எஃப் 2.5க்கு அகலத் திறந்து, நடுவில் போகஸ் செய்த பின்னரே லென்ஸைச் சாய்த்தேன். இதற்கு என்னிடமுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸே போதுமா?

பதில் 1 (ஹட்டன்)

வரிசை தலைகீழாகிவிட்டது, தம்பி. சாய்த்தவுடன் தெளிவான வட்டம் இடம் மாறுவதால், முதலில் சாய்த்து வட்டத்தை முகத்தின்மேல் கொண்டுவந்து, திரையில் அந்த இடத்தையே பெரிதாக்கிப் பார்த்து, பிறகு கையால் போகஸ் செய்யுங்கள். துளையை எஃப் 4க்குச் சற்று மூடினால் வட்டம் சற்று விரியும். பழகும்வரை அதுவே நல்லது.

பதில் 2 (பண்டாரவளை)

அண்ணன் சொன்னது முகத்துக்கான தீர்வு. சுற்றுப்புறம் அழகாகக் கரையாமல் வெறும் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் பனிமூட்டம் என்றே நினைக்கிறேன். கலங்குவதற்கு அங்கே விளிம்புகளும் ஒளிப்புள்ளிகளும் இருக்க வேண்டும். பனி அவற்றை முன்கூட்டியே அழித்துவிட்டால், லென்ஸுக்கு வேலையே இல்லை. மூட்டம் விலகி, ஈர இலைகளில் வெயில் படும் நேரத்தில் அதே சரிவில் எடுத்துப் பாருங்கள். ஓரத்து ஒளிப்புள்ளிகள் வெளிப்புறமாக இழுபடுவதே இந்த லென்ஸின் அழகு.

எஃப் 1.8 லென்ஸ் இதற்கு ஈடாகாது. அது தூரத்தைக் கொண்டே தெளிவைப் பிரிப்பதால், ஒரே தூரத்தில் வரிசையாக நிற்பவர்கள் அனைவரும் தெளிவாகவே விழுவார்கள். ஸ்வீட் 50இன் தெளிவுத்தளம், அதாவது போகஸ் விழும் பரப்பு, வளைந்தது. ஆகவே பக்கத்தில் நிற்பவரும் கலங்குவார். நேரான பட்டையாகத் தெளிவு வேண்டுமென்றால் எட்ஜ் வகை ஒப்டிக்கைத் தேடுங்கள்.

பதில் 3 (தலவாக்கலை)

செலவின்றிப் பழக, லென்ஸைக் கழற்றிக் கெமராவின் வாயருகே சாய்த்துப் பிடித்து எடுப்பவர்களும் உண்டு. நம் ஊர் ஈரத்தில் சென்சாரைத் திறந்துவைக்க நான் துணியமாட்டேன். பழைய ஃபில்டரின் ஓரத்தில் வாஸலின் பூசுவது பாதுகாப்பானது, ஆனால் அது ஒளியைப் படரவிடுமே தவிர, போகஸை மாற்றாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. இன்று எட்டரை மணிக்கு மூட்டம் கலைந்தபின், முதலில் சாய்த்து எஃப் 4இல் எடுத்தேன். முகம் தெளிந்துவிட்டது, பக்கத்தில் நின்ற அக்கா மட்டும் தன்னை ஏன் கலக்கினேன் என்று கேட்கிறார்.