கலைச்சொல் வேண்டும்: பெல்ட் மழுங்குவதும் அடைபடுவதும்

அன்பர்களே, கத்தி செய்யும் வகுப்புக்கான பாடக்குறிப்பைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். சாணை பெல்ட் வெட்டாமல் போக முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று கிளேசிங்: பெல்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் சாணை மணிகளின் முனை தேய்ந்து பெல்ட் வழவழவென்று ஆகிவிடுவது. இன்னொன்று லோடிங்: துகள் மணிகளுக்கு நடுவே அப்பிக்கொள்வது. பழைய குறிப்பில் இரண்டுக்குமே 'மழுங்கல்' என்று இருக்கிறது. அப்பிய துகளை ரப்பர் கட்டியால் எடுத்துவிடலாம், தேய்ந்த முனைக்கு ரப்பர் என்ன செய்யும்? தனித்தனிச் சொல் வேண்டும்.

மறுமொழி:
ஐயா, முதலில் 'சாணை'யைப் பாருங்கள், அது வடமொழி 'சாண'. நம்மிடம் அரம் இருக்கிறதே! 'அரம்பொருத பொன்போலத் தேயும்' (குறள் 888). பொன் அங்கே இரும்பு, பொருதல் உராய்தல். ஆக, பெல்ட் 'பொருவார்' (பொரு + வார்), லோடிங் 'துகளடைவு', கிளேசிங் 'பொருதிறன் ஒழிவு'.

மறுமொழி:
பொருவார் என்றால் போரிடுபவர் என்றுதான் படிப்பார்கள் ஐயா. பட்டறையில் பெல்ட் பெல்ட்தான், அதை விடுங்கள்.

'வழுக்கல்' என்று எனக்குத் தனிமடலில் ஒருவர் சொன்னார், அதுவும் வேண்டாம், சக்கரத்தில் பெல்ட் நழுவுவதோடு குழம்பும். கிளேசிங்குக்கு 'முனைமழுக்கம்' போதும். செராமிக் மணியை அழுத்திப் பிடித்தால் நுணுக்கமாக உடைந்து புதுமுனை காட்டும். பெல்ட் சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று பயந்து மெல்லத் தடவினால்தான் உடையாமல் மொண்ணையாகிப் பளபளக்கும். அப்புறம் சூடு ஏறும், பதம் ஏற்றிய அலகின் விளிம்பு நீலம் பூத்துவிடும், அங்கே பதம் போயிற்று. மாணவருக்குப் புரிய வேண்டியது இதுதான்.

மூன்றாவது கோளாறு ஒன்றும் உண்டு. வெட்டியெடுத்த தகட்டின் 90 பாகை விளிம்பைப் புது 36 கிரிட் (பருமணி) பெல்ட்டில் நேராக வைத்தால் மணிகள் பெயர்ந்து கொட்டும். அதற்கு 'மணியுதிர்வு'. விளிம்பை முதலில் பழைய பெல்ட்டில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுமொழி:
சரி, முனைமழுக்கம், அடைப்பு, மணியுதிர்வு என்று போட்டுவிடுகிறேன். தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கும் இதுவே சம்மதம். பெல்ட் அப்படியே இருக்கட்டும், நேரமில்லை.

மறுமொழி:
முனைமழுக்கம் நல்ல சொல், ஏற்கிறேன். ஆனால் 'வார்' என்று நமக்கொரு சொல் இருக்கும்போது பெல்ட் அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பொருவார் வேண்டாமென்றால் 'அரவார்' என்று வையுங்கள், அதில் என்ன குழப்பம்?